தாரம்: ஆண்பால், பன்மை

சேரன்மாதேவியில், கன்னடியன் கால்வாய்க்கு இந்தப் பக்கம்
பத்திர எழுத்தர் கடையில் டைப் அடிக்கிறேன்.
பிளஸ் டூவில் சமஸ்கிருதம் எடுத்தவள் நான்,
பக்தியால் அல்ல.
அதில்தான் மார்க் அள்ளலாம் என்றார்கள்.
அள்ளிய மார்க் எங்கே போயிற்றோ,
ஒரு சொல் மட்டும்
செருப்பில் புகுந்த ஆற்றுமணலாக உறுத்துகிறது.

தார என்றால் மனைவி.
ஆனால் ஆண்பால். ஆனால் எப்போதும் பன்மை.
ஒருத்தியைச் சொல்லவும் ஒரு கூட்டம்,
கூட்டத்தில் அத்தனை பேரும் ஆண்கள்.
தாரா:, தாரான், தாரை:, தாரேப்ய:
என்று கடைசிக் கட்டத்தை மட்டும் ஒப்பித்தோம்.
ஒருமைக் கட்டம் காலி,
இருமைக் கட்டமும் காலி.
பார்யா என்றால் பெண்பால், களத்ரம் இரண்டுமில்லை.
சக்களத்தி அங்கிருந்து வந்தவளோ என்னவோ.

தாரை வார்த்தார்கள் என்கிறோமே, அது வேறு.
அந்தத் 'த' நெஞ்சு அதிர வரும்,
இது நாக்குநுனியோடு சரி.
நம் எழுத்துக்கு எல்லாம் ஒரே 'த'.

பொருநைக்கரைக்கு வந்ததும்
வாலில் ஓர் 'அம்' ஒட்டிக்கொண்டு
பாரம், ஓரம், வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.
ஆனாலும் எங்கள் ஊர் வினைமுற்று மசியவில்லை.
மாடு செத்துட்டு என்போம்,
மூத்த தாரம் செத்துட்டா என்போம்.

வேர் கேட்டால் 'த்ரு', பிளத்தல்.
உடன்பிறந்தாரைப் பிளப்பதால் தாரா: என்று
பழைய உரைகாரர்கள்.
இந்தக்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள்
அப்படியெல்லாம் இல்லை, தெரியவில்லை என்று கையை விரிக்கிறார்கள்.
கடைக்கு வரும் அண்ணன் தம்பிகளுக்கு மட்டும்
சந்தேகமே இல்லை:
'அவ வந்த பெறவுதாம் அண்ணாச்சி எல்லாம்.'

போன பிசான அறுப்பு முடிந்து
சொரிமுத்துவின் பிள்ளைகள் வந்தார்கள், பாகப்பிரிவினைக்கு.
ஐயம்பெருமாள் மூத்த தாரத்துப் பிள்ளை,
முப்பிடாதி இளைய தாரத்துப் பிள்ளை.
ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு, ஒரு கிணறு,
வீட்டில் நடுச்சுவர் எழுப்ப அளவு.
அவரவர் தாய் அவரவர் பக்கம்.
பெண்சாதிகளைக் கூட்டி வரவில்லை,
பிளப்பதற்கு இருவரே போதுமாயிருந்தது.

ஒரே ஆட்டோவில் பின்னால் வந்து இறங்கினார்கள்
பேராச்சியும் வெள்ளைத்தாயும்.
ஒரே தண்ணிப் பாட்டில்.
நான் நான்கெல்லை வாசித்தேன்:
வடக்கே முத்தையா வயல், கிழக்கே வாய்க்கால்...
நடுச்சுவருக்கு வந்ததும்
பேராச்சி மேசையில் தட்டினாள்.
'ஏட்டி, அந்தப் பின்னறைய எங்க ரெண்டு பேருக்கும் சேத்து எழுது.'
'ஆளுக்குப் பாதியா?'
'பாதியில எப்படிட்டி படுப்பா? ராத்திரி
அவளுக்குக் கெண்டக்கால் இழுத்துக்கிட்டுன்னா
சுவத்தத் தட்டியா கூப்புடணும்?'
வெள்ளைத்தாய் ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

முப்பிடாதி எழுந்து வெளியே போய்
பீடி பற்றவைத்தான்.
ஐயம்பெருமாளும் போனான். தீப்பெட்டி ஒன்றுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் படிவத்தில் 'மனைவி பெயர்'
என்று ஒரே கட்டம்.
அடித்தேன், பேராச்சி.
கமா போட்டேன். படிவம் மறுத்தது.
கமாவை எடுத்துவிட்டு, நடுவில் ஓர் 'உம்' வைத்தேன்,
கடைசியில் ஓர் 'உம்'.
பேராச்சியும் வெள்ளைத்தாயும்.
ஏற்றுக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் காலியாக விட்ட கட்டம்,
இருமை,
அதில் இரண்டு கிழவிகள்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

கைநாட்டு வைத்தபின்
மையை யார் முந்தானையில் துடைப்பது என்று
சண்டை வந்தது.
நான் பழைய துணி கொடுத்தேன்.
ஆட்டோவுக்கு இருபது ரூபாய் குறைந்தது,
அதையும் நான்தான் கொடுத்தேன்.